மிளகுக் கொடியின் இலை அறிகுறிகள்

மிளகுக் கொடியின் இலைகள் மஞ்சளாதல், கருகுதல், உதிர்தல் ஆகியவை ஊட்டக் குறைபாட்டாலோ நோயாலோ ஏற்படுகின்றன. நீலகிரி மாவட்டத்தில் ஊட்டியின் குளிர் மிளகுக்கு ஏற்றதன்று. தாழ்வான கூடலூர், பந்தலூர், பர்லியார் பகுதிகளில் இது நிழல் மரங்களில் ஏற்றி வளர்க்கப்படுகிறது.

ஊட்டக் குறைபாடு

தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயர்பவை. எனவே இவற்றின் குறைபாடு முதலில் முதிர்ந்த இலைகளில் தெரியும்.

* தழைச்சத்து: இலை முழுவதும் சீராக மஞ்சளாகும்.
* சாம்பல்சத்து: இலை நுனியும் விளிம்பும் கருகும்.
* மக்னீசியம்: நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும்.

இரும்பு, துத்தநாகம் ஆகியவை எளிதில் இடம்பெயராததால், அவற்றின் குறைபாடு இளம் இலைகளில் தோன்றும். துத்தநாகம் குறைந்தால் இலைகள் சிறுத்துவிடும்.

நோய்கள்

மழைக்காலத்தில் இலைகளில் கரும்புள்ளிகள் விரைந்து பரவுவது பைட்டோப்தோரா வாடல் நோயின் அறிகுறியாகும். தண்டின் அடிப்பகுதியோ வேரோ அழுகினால் கொடி சில வாரங்களில் மடியும். இதனைத் தடுக்க மழைக்கு முன் 1 விழுக்காடு போர்டோ கலவை தெளிக்கப்படுகிறது.

நூற்புழுக்கள் வேரைத் தாக்குவதால் வரும் மெதுவாடல் நோயில், மழை ஓய்ந்தபின் இலைகள் மஞ்சளாகின்றன. சில கொடிகள் அடுத்த தென்மேற்குப் பருவமழையில் மீண்டும் துளிர்ப்பதால், இது ஊட்டக் குறைபாடு எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. வேரைத் தோண்டிப் பார்த்தால் முடிச்சுகளோ அழுகலோ காணப்படும்.

உரமிடல்

காய்க்கும் கொடி ஒன்றுக்கு ஆண்டுதோறும் 10 கிலோ தொழுவுரத்துடன் தழை, மணி, சாம்பல்சத்துகள் முறையே 100, 40, 140 கிராம் பரிந்துரைக்கப்படுகின்றன. உரம் இரு தவணைகளாக இடப்படும். பழுதடைந்த வேர் உரத்தைச் சரிவர உறிஞ்சாது. ஆகவே உரத்தைக் கூட்டுமுன் வேரைச் சோதித்தல் இன்றியமையாதது.