கட்டுப்பாட்டு அறையின் பதிவேட்டில் சேரி எங்கே?

புயல், வெள்ளம் என்றால் கலெக்டர் ஆபீசில் ஓர் அறையைத் திறக்கிறார்கள். நாலு போன், ஒரு பதிவேடு, சுவரில் மாவட்ட வரைபடம். பெயர், கட்டுப்பாட்டு அறை. மக்களின் சேதம் அங்கேதான் எண்ணாக மாறுகிறது. அந்த எண்தான் அரிசியாகவும் பணமாகவும் திரும்பி வருகிறது. ஆகவே அந்த அறையின் வரலாறு நம்முடைய வரலாறும்தான். நாகப்பட்டினத்தை வைத்து அதைப் பார்ப்போம்.

1952லும் 1977லும் பெரும் புயல்கள் இந்தக் கரையை அடித்தபோது இது தஞ்சாவூர் மாவட்டம். கலெக்டர் இருந்தது தஞ்சாவூரில். கிராமத்துச் சேதத்தைக் கணக்கெழுத வேண்டியவர்கள் கர்ணமும் மணியக்காரரும். அவங்க இருந்தது ஊர்த்தெருவுல. சேரி இருந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். 1980ல் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிந்தன. 1991ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது. அறை கடலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சேரிக்குப் பக்கத்தில் வந்ததா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே அலை இங்கு வந்தது. ஆனால் எச்சரிக்க அமைப்பு இல்லை. ஐதராபாத் மையம் 2007ல்தான் வந்தது. தமிழகத்தில் மாண்ட சுமார் 8,000 பேரில் 6,000க்கு மேற்பட்டோர் இந்த ஒரே மாவட்டத்தில். மீனவ மக்களே மிகுதி. அவர்களின் துயரத்தைக் குறைத்துப் பேசுவது நம் வேலையல்ல.

அதிகாரிகளின் திணறலும் உண்மைதான். லாரி லாரியாகப் பழைய துணி வந்து ரோட்டோரம் குவிந்தது. வந்திறங்கிய தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்கவே தனி மையம் தேவைப்பட்டது. எல்லாருக்கும் உடனே பட்டியல் வேண்டும். மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இருந்தது, பட்டியல் தந்தது. கட்டுமரம், வல்லம், விசைப்படகு ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் இடம் இருந்தது. மீன்கூடை சுமந்தவளுக்கு? உப்பளக் கூலிக்கு? கடல்நீர் ஏறிய வயலுக்கான நிவாரணம் பட்டா உள்ளவருக்குப் போனது. அதே வயலில் நாற்று நட்டவளின் வேலை போனது சேதக் கணக்கில் வரவில்லை. படகு போனவன் படகைக் காட்டலாம். வேலை போனவ எந்தக் காயிதத்தக் காட்டுவா?

உண்மையறியும் குழுக்கள், சில முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதையும் தண்ணீர்த் தொட்டியில் கைவைக்க விடாததையும் பதிவு செய்தன.

ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் நம்மை மறக்கவில்லை. பிற நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். அழுகிய பிணங்களை எடுத்தது அந்தக் கைகள். தொடக்க நாட்களில் பலருக்குக் கையுறைகூட இல்லை. நிவாரணப் பட்டியலில் கடைசி, பிணம் தூக்கும் பட்டியலில் முதல்.

2005ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதி, பால், மத வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் எழுதுவதில்லை. பிறகு 2018 நவம்பர் 16, கஜா புயல். மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் செத்தன. அறைக்கும் கிராமத்துக்கும் பேச்சே அறுந்தது. விழுந்த தென்னைக்கு மரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். அந்தத் தோப்பில் தேங்காய் பொறுக்கிய கூலிக்கு எத்தனை நாள் வேலை போச்சு என்று எண்ண மரம் அளவுக்குக்கூட ஒரு கட்டம் இல்லை.

இன்று 1077க்கு யாரும் போன் போடலாம். போன் வந்தது நல்லதுதான். ஆனால் எடுப்பவர் கையில் உள்ள வரைபடத்தில் சேரிக்குப் போகும் பாதை இருக்க வேண்டும். பதிவேட்டில் இழந்த கூலி நாளுக்கு ஓர் இடம் வேண்டும். கிடங்குக் கணக்கில் கையுறையும் காலணியும் அரிசிக்கு முன்னால் இருக்க வேண்டும். பட்டியலைச் சேரித் தெருவில் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும்.

மழைக்காலம் வருமுன்னே, தோழர்களே, உங்கள் தெருவின் பட்டியலை நீங்களே எழுதி வையுங்கள். புயல் வந்த பிறகு எழுதுபவர் நம் தெருவுக்கு வருவார் என்று எந்தப் புயலும் நமக்கு உறுதி சொன்னதில்லை.