பத்தாம் எண் ஜெர்சி – 4: நான்கு வாரத் தண்டனை

விசாரணை அறைக்குள் ஜான் கோல்மன் நுழைந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இப்போது கதவு திறக்கிறது.

1951 செப்டம்பர் 4. மெல்போர்ன், ஸ்பிரிங் தெரு. விக்டோரியா கால்பந்து லீகின் அலுவலகம் இருந்த ஹாரிசன் ஹவுஸ் வாசலில் ரசிகர்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வெளியே வந்த கோல்மனுக்கு வயது 22. எஸென்டன் அணியின் பத்தாம் எண் ஆட்டக்காரர், தடுப்பாட்டக்காரர்களின் தோளுக்கு மேல் எம்பிப் பந்தைப் பிடிப்பவர், அன்று அழுதுகொண்டிருந்தார். நாலு அடி வைப்பதற்குள் நெரிசலில் நிலைகுலைந்து சரிந்தார். தீர்ப்பு என்னவென்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான்கு வாரத் தடை.

மூன்று நாள் முன்பு, லீக் சுற்றின் கடைசி ஆட்டத்தில், பிரின்சஸ் பார்க் மைதானத்தில் கார்ல்டன் அணியின் ஹாரி காஸ்பர் அவரை அடித்தார். கோல்மன் திருப்பி அடித்தார். நடுவர் தரப்பு இருவர் மீதும் புகார் எழுதியது. முதலில் கைநீட்டியவர் கோல்மன் அல்ல என்பது விசாரணையிலும் வெளிவந்தது. ஆனாலும் குழு அசையவில்லை. வம்புக்கு இழுத்தவருக்கும் நான்கு வாரம், இழுக்கப்பட்டவருக்கும் நான்கு வாரம்.

காகிதத்தில் இது சமநீதி. ஆனால் காலண்டரைப் பாருங்கள். அன்று முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் மோதிய ஃபைனல்ஸ், செப்டம்பரின் சனிக்கிழமைகளில் நடந்தது. கார்ல்டன் அந்த நான்கில் இல்லை. காஸ்பர் இழக்க அங்கே ஒன்றுமே இல்லை. எஸென்டனோ தொடர்ந்து மூன்றாவது கோப்பைக்குக் குறிவைத்திருந்தது. கோல்மனின் நான்கு வாரம், கிராண்ட் ஃபைனல் வரைக்கும் நீண்டது.

அவர் ஒருவர் இல்லாவிட்டால் என்ன? புதிய வாசகர்களுக்காக 1948-க்கு ஒரு எட்டு போய்வருவோம். இந்த ஆஸ்திரேலியக் கால்பந்தில் நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் கோல், 6 புள்ளி. அது விலகி ஓரக் கம்பத்தின் பக்கம் போனால் ‘பிஹைண்ட்’, வெறும் 1 புள்ளி. 1948 கிராண்ட் ஃபைனலில் எஸென்டன் அடித்தது 7 கோல், 27 பிஹைண்ட். மெல்போர்ன் அணி 10 கோல், 9 பிஹைண்ட். இரண்டும் 69. சமன்! மறு ஆட்டத்தில் எஸென்டன் தோற்றது. கோல் கம்பத்துக்கு முன்னால் குறி தப்பாத ஒரு கால் மட்டும் இருந்திருந்தால்...

அடுத்த ஆண்டே அந்தக் கால் வந்து சேர்ந்தது. ஹேஸ்டிங்ஸ் ஊரிலிருந்து வந்த கோல்மன் முதல் ஆட்டத்திலேயே 12 கோல் அடித்தார். அந்தப் பருவத்தின் 100-வது கோலை கிராண்ட் ஃபைனலில் போட்டார். 1949, 1950 இரண்டு கோப்பையும் எஸென்டனுக்கே.

இப்போது அவர் பார்வையாளர். அணி எப்படியோ தட்டுத்தடுமாறி, அரையிறுதியில் ஃபுட்ஸ்கிரேயையும் இரண்டு வாரம் கழித்து காலிங்வுட்டையும் தாண்டியது. கிராண்ட் ஃபைனலில் எதிரே ஜீலாங்.

ஜீலாங்கின் கோல் வேட்டைக்காரர் ஜார்ஜ் கோனினன். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இவர் எஸென்டனில் இருந்தவர்தான்! கோல்மன் இருக்கும்வரை அந்த இடம் தனக்குக் கிடைக்காது என்று 1950-ல் ஜீலாங்குக்குப் போனவர். இந்த ஃபைனல்ஸில் காலிங்வுட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 11 கோல் அடித்திருந்தார். யாருடைய நிழலிலிருந்து வெளியேறினாரோ, அவர் ஆடமுடியாத நாளில் பழைய அணியையே எதிர்கொண்டார்.

செப்டம்பர் 29, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். ஆட்டம் கைநழுவத் தொடங்கியபோது எஸென்டன் ஒரு கடைசி அஸ்திரத்தை எடுத்தது. ஓய்வு பெற்றிருந்த பயிற்சியாளர் டிக் ரெனால்ட்ஸ், 36 வயதில், மறுபடியும் ஜெர்சி மாட்டிக்கொண்டு மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருந்தார். அவரே களத்தில் இறங்கினார். அரங்கம் அதிர்ந்தது. ஆனாலும் ஜீலாங் 81, எஸென்டன் 70.

வித்தியாசம் 11 புள்ளி. இரண்டு கோல் இருந்தால் கோப்பை. கோல்மன் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்துக்கும் மேல் அடிப்பவர். இந்தக் கணக்கை எஸென்டன்காரர்கள் பல காலம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோல்மன் பதிலை மைதானத்தில் சொன்னார். 1952-ல் 103 கோல். 1953-ல் 97. இரண்டு ஆண்டும் லீகில் அவருக்கு மேல் யாருமில்லை. 1954-ன் ஏழாவது சுற்றில் ஃபிட்ஸ்ராய்க்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 14 கோல். அவர் வாழ்நாளின் உச்சம் அது. வயது 25. இன்னும் பத்து ஆண்டு ஆடலாம். லீகின் சாதனைகளில் எது அவர் கைக்கு எட்டாமல் போகும் என்றுதான் பேச்சாக இருந்தது.

அடுத்த சுற்றில் எதிரணி நார்த் மெல்போர்ன்.

அந்த ஆட்டத்தில் கோல்மன் கீழே விழுந்தார். விழுவது அவருக்குப் புதிதல்ல. அத்தனை உயரம் எம்புகிறவர் வாராவாரம் விழத்தான் வேண்டும். ஆனால் இம்முறை முழங்கால் மூட்டு விலகியிருந்தது.

விசாரணைக் குழு விதித்த தடைக்கு நான்கு வாரம் என்று ஒரு எல்லை இருந்தது. இந்த முழங்கால் விதிக்கப்போகும் தடைக்கு?

(அடுத்த வாரம் தெரியும்)