காகித விண்வெளியில் திரிந்த பூதங்கள்

சதுரங்கத்தில் எதிரே ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது? பலகையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் தானே ஆடலாம். ஆனால் பத்து நகர்த்தலுக்குள் அலுத்துவிடும். தன் மனதில் இருப்பது தனக்கே தெரியும்போது யாரை ஏமாற்றுவது? எழுபதுகளில் அமெரிக்காவில் போர் விளையாட்டுகளை உருவாக்கியவர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. மேஜைமேல் அட்டையை விரித்து, காகிதக் கப்பல்களை நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகள் அவை. விதிப்புத்தகம் தடிமனாக ஆக, கூட ஆட ஆள் கிடைப்பது அரிதானது. அந்தத் தலைவலிக்குக் கிடைத்த மருந்துகளில் ஒன்றுதான் பூதம். சிந்திக்கத் தெரியாத, பேரம் பேசாத, சரணடையாத ஒரு ராட்சத எதிரி.

1979-ல் டாஸ்க் ஃபோர்ஸ் கேம்ஸ் என்ற நிறுவனம் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு விளையாட்டை விற்றது. பெயர் ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ். உருவாக்கியவர் ஸ்டீபன் வி. கோல். ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் கப்பல்களை மோதவிடும் ஆட்டம் இது. ஆனால் உரிமம் வந்த வழி கொஞ்சம் விசித்திரமானது. தொடரை எடுத்தவர்களிடம் நேராகப் போகாமல், 1975-ல் கப்பல்களின் வரைபடங்களைத் தொகுத்துத் தொழில்நுட்பக் கையேடு வெளியிட்ட ஃப்ரான்ஸ் ஜோசப் வழியாக வந்தது. அதனால் கப்பல் உண்டு, கிளிங்கான் உண்டு, ரோமுலன் உண்டு. கேப்டன் கிர்க் மட்டும் கிடையாது! ஆளே இல்லாத ஸ்டார் ட்ரெக். இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்ததாலோ என்னவோ, விளையாட்டின் முழுக் கவனமும் இயந்திரங்களின் மேல் போனது.

இதற்கு முன்னாலும் விண்கப்பல் சண்டை விளையாட்டுகள் இருந்தன. லூ ஸோக்கி 1973-ல் கொண்டுவந்த ஏலியன் ஸ்பேஸ் தரையில் விரித்து ஆடுவது. கப்பல் அட்டையிலிருந்து நூலை நீட்டிக் குறிபார்த்துச் சுட வேண்டும். கோலின் ஆட்டம் வேறு ரகம். அறுகோணக் கட்டங்கள் கொண்ட வரைபடம். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு தாள். அந்தத் தாளில் எஞ்சின், ஆயுதம், ஆய்வுக்கூடம், பாலம் என்று ஒவ்வொன்றும் சின்னச் சின்னப் பெட்டிகளாக வரையப்பட்டிருக்கும். அடி விழ விழ ஒவ்வொரு பெட்டியாக அடித்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் கப்பலின் மொத்த சக்தியைப் பங்கு போட வேண்டும்: வேகத்துக்கு இவ்வளவு, ஆயுதத்துக்கு இவ்வளவு, கவசத்துக்கு இவ்வளவு. மாதச் சம்பளத்தை வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் என்று பிரிப்பது போலத்தான். ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் துண்டு விழும்.

மனிதருக்கு எதிராக ஆடும்போது இந்தப் பங்கீட்டில்தான் சுவாரசியமே. எதிராளி போட்டான் டார்பிடோவை நிரப்பியிருக்கிறானா, அல்லது சும்மா மிரட்டுகிறானா? (அதை நிரப்ப இரண்டு சுற்று ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.) அவன் தாளில் எழுதியிருப்பதை ஊகிக்க வேண்டும். எதிராளியே இல்லாவிட்டால் இந்த ஊகம் முழுவதும் போய்விடும். மிஞ்சுவது வெறும் கூட்டல் கழித்தல்.

ஆக, பூதத்தை வடிவமைப்பவருக்கு முன்னால் இருந்த கேள்வி இதுதான்: மனம் இல்லாத ஒன்றிடம் ஆட்டக்காரர் எதை ஊகிப்பது?

கோலின் குழுவுக்குக் கச்சாப்பொருள் தொலைக்காட்சித் தொடரிலேயே இருந்தது. 1967 அக்டோபர் 20-ல் ஒளிபரப்பான 'தி டூம்ஸ்டே மெஷின்' என்ற பகுதி. எழுதியவர் நார்மன் ஸ்பின்ராட். மைல் கணக்கில் நீளமான ஒரு இயந்திரம் கோள்களைத் துண்டு துண்டாக நறுக்கி எரிபொருளாக விழுங்கிக்கொண்டே போகிறது. வெளி ஓட்டை எந்த ஆயுதமும் துளைக்காது. தன் கப்பலின் ஆட்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு கோளில் இறக்கிவிட்ட தளபதி டெக்கர், அந்தக் கோளையே அது தின்பதைப் பார்க்க நேர்கிறது. வெறிபிடித்தவர் போலாகிவிட்ட அவர் கடைசியில் ஒரு சிறு ஓடத்தில் ஏறி அதன் வாய்க்குள்ளேயே பாய்ந்து சாகிறார். அந்தச் சின்ன வெடிப்பால் இயந்திரத்தின் சக்தி இம்மியளவு குறைந்ததைக் கருவிகள் காட்டுகின்றன. அதைப் பிடித்துக்கொண்டு, சேதமடைந்த ஒரு முழுக் கப்பலையே உள்ளே அனுப்பி வெடிக்கவைத்து அதைக் கொல்கிறார்கள்.

1968 ஜனவரி 19-ல் வந்த இன்னொரு பகுதியில் எதிரி ஒரே ஒரு செல்தான். ஆனால் ஆயிரக்கணக்கான மைல் நீளமுள்ள அமீபா! சுற்றியுள்ள உயிர்களின் சக்தியை அது உறிஞ்சுகிறது. இங்கேயும் உள்ளே போய்த்தான் அழிக்கிறார்கள்.

இரண்டு கதைக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனியுங்கள். இரண்டிலும் வெற்றி பலத்தால் கிடைக்கவில்லை, தகவலால் கிடைத்தது. டெக்கரின் சாவுக்குப் பின்னால் ஒரு அளவீடு இருந்ததால்தான் அதற்கு அர்த்தம் வந்தது. ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் பூதங்களின் மூளையும் இங்கிருந்துதான் வந்தது.

அந்த விளையாட்டில் கோள் நொறுக்கி, விண்வெளி அமீபா, விண்வெளி விலாங்கு, சூரியப் பாம்பு என்று ஒரு பட்டாளமே உண்டு. பெயர்கள் சிறுவர் பத்திரிகைத் தனமாக இருந்தாலும் உள்ளே இருந்த யோசனை அப்படி இல்லை. கப்பல் தாளில் ஆய்வுக்கூடப் பெட்டிகள் இருக்கும் என்று மேலே சொன்னோம் அல்லவா? கூட்டமைப்பின் கனரகக் கப்பலில் அப்படி எட்டு. கப்பலுக்கும் கப்பலுக்கும் சண்டை நடக்கும்போது இவற்றால் பெரிதாக ஒரு பயனும் இல்லை. விழும் அடியைத் தாங்கிக்கொள்ளும் பஞ்சு மூட்டை, அவ்வளவுதான். 'எஞ்சின் போகாமல் லேப் போனதே, நல்லது' என்று ஆட்டக்காரர் பெருமூச்சு விடுவார்.

பூதம் வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. எதைச் செய்தால் அது சாகும் என்பது ஆட்டத்துக்குள் இருக்கும் கப்பலுக்குத் தெரியாது. ஆய்வுக்கூடங்கள் பகடை உருட்டித் தகவல் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். எவ்வளவு நெருங்கிப் போகிறதோ அவ்வளவு தகவல் கிடைக்கும். நெருங்கினால் அடியும் விழும். அடி விழுந்தால் ஆய்வுக்கூடப் பெட்டிகளும் போகும். அவை போனால் தகவல் வருவதும் குறையும். தூரத்திலேயே நின்று பத்திரமாகப் படித்துக்கொண்டிருக்கலாமே என்றால், பூதம் அதுபாட்டுக்கு ஒரு கோளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அது போய்ச் சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

இந்த இடத்தில் சும்மா சொல்லக்கூடாது, அருமையான வேலை. எதிரிக்கு மூளை தேவையில்லை. அது நேர்க்கோட்டில் போனால் போதும். நெருங்குவதா விலகுவதா என்ற போராட்டம் முழுக்க ஆட்டக்காரரின் தலைக்குள்ளேயே நடக்கிறது. பழைய சக்திப் பங்கீடும் மறுபடி உயிர் பெறுகிறது: இந்தச் சுற்றில் கவசத்துக்கா, விலகி ஓட வேகத்துக்கா?

எல்லாப் பூதங்களும் இந்தத் தரத்தில் அமைந்தன என்று சொல்ல முடியாது. அடுத்து எங்கே திரும்பும், யாரைத் தாக்கும் என்பதையெல்லாம் பகடைக்கே விட்டுவிட்டால் ஆட்டம் சூதாட்டமாகிவிடும். தோற்றால் பகடை சரியில்லை என்று போய்விடலாம். ஜெயித்தாலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. மறுபக்கம், எல்லாவற்றையும் விதியிலேயே எழுதிவைத்தால் அது கணக்குப் புத்தகப் பயிற்சி. ஒருமுறை விடை கண்டுபிடித்தால் தீர்ந்தது. முழுக்கத் தெரியாததற்கும் முழுக்கத் தெரிந்ததற்கும் நடுவில் இருக்கும் அந்த இடம் மிகக் குறுகலானது.

மனம் இல்லாமல் ஆடும் எதிரி என்ற எண்ணம் இவர்களுக்கு முன்பே வேறு இடத்தில் பிறந்துவிட்டது. 1961-ல் பிரிட்டனின் டொனால்ட் மிச்சி (போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் ரகசியக் குறியீடுகளை உடைத்தவர்) 304 தீப்பெட்டிகளையும் வண்ண மணிகளையும் வைத்து ஒரு 'இயந்திரம்' செய்தார். பூஜ்யம்-பெருக்கல் ஆட்டம் ஆடும் இயந்திரம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி. குலுக்கி ஒரு மணியை எடுத்தால் அதன் நிறம் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று சொல்லும். தோற்றால் அந்த மணிகள் பறிமுதல். ஜெயித்தால் கூடுதல் மணிகள் பரிசு. ஆட ஆட இயந்திரம் தேறிக்கொண்டே வந்தது. தீப்பெட்டிகளுக்கு ஆட்டம் என்றால் என்னவென்றே தெரியாது என்பதுதான் விஷயம். 1962 மார்ச்சில் மார்ட்டின் கார்ட்னர் தன் கணிதப் பத்தியில் இதை எழுதி, 24 பெட்டிகள் போதுமான ஒரு குட்டி ஆட்டத்தையும் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு ஜனவரியில், இஃப் என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையில் ஃப்ரெட் சேபர்ஹேகன் ஒரு சிறுகதை எழுதினார். பிற்பாடு 'எண்ணமின்றி' என்ற பொருள்படும் தலைப்பில் அறியப்பட்ட கதை. உயிர்களை அழிப்பதே வேலையாகத் திரியும் பெர்சர்க்கர் என்ற இயந்திரக் கோட்டை. மனிதனின் சிந்தனையை முடக்கும் ஒரு ஆயுதம் அதனிடம் உண்டு. எதிரே நிற்கும் கப்பலின் விமானியை அது சோதிக்கிறது: ஒரு பலகை ஆட்டம் ஆடு, ஒழுங்காக ஆடினால் உன் மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம். விமானி என்ன செய்தான்? சிறிய பெட்டிகளையும் வண்ண மணிகளையும் தயார் செய்து, கப்பலில் இருந்த வளர்ப்புப் பிராணியிடம் பொறுப்பை விட்டான். அவன் மூளை மழுங்கிக் கிடந்தபோது பிராணி படத்தைப் பார்த்துப் பெட்டியைத் திறந்து மணியை எடுத்துக்கொண்டிருந்தது. கோட்டை ஏமாந்தது! மிச்சியின் தீப்பெட்டிகள் இரண்டே ஆண்டில் விண்வெளிக்குப் போய்விட்டன.

ஸ்பின்ராட்டின் கோள்தின்னிக்கும் இந்தப் பெர்சர்க்கருக்கும் உள்ள சாயலை ரசிகர்கள் அடிக்கடி சுட்டுவதுண்டு. விளையாட்டு வரலாற்றுக்கு முக்கியம் வேறொன்று. பூதத்தின் நடத்தை அட்டவணையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பகடை உருட்டி, அது சொன்னபடி பூதத்தை நகர்த்தும் தனி ஆட்டக்காரரைப் பாருங்கள். அந்த வளர்ப்புப் பிராணி செய்ததும் அதே வேலைதான். தன் கப்பலுக்கு மூளையைக் கொடுத்துவிட்டு, எதிரிக்குக் கையை மட்டும் கொடுக்கிறார்.

பூதத்துக்கு ஒரு மனித மூளையையே கொடுத்துவிடலாமே என்ற வழியும் உண்டு. 1977-ல் ஸ்டீவ் ஜாக்சன் செய்த ஓகர் அந்த வகை. விண்வெளி இல்லை, தரையில்தான், விலை 2.95 டாலர். ஒரு பக்கம் ஒரே ஒரு ராட்சத டாங்கி, மறுபக்கம் ஒரு சின்னப் படையே. ஆடு புலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வு புதிதல்ல. புதிது என்னவென்றால், புலியை அங்கம் அங்கமாக வெட்டலாம். மூன்றாம் வகை ஓகருக்குச் சக்கரப் பட்டைப் பெட்டிகள் 45. பதினைந்து போனால் வேகம் மூன்றிலிருந்து இரண்டாகும், இன்னும் பதினைந்து போனால் ஒன்று. பீரங்கியை உடைப்பதா காலை உடைப்பதா? பூதத்துக்கும் ஒரு தாள் கொடுத்ததால் அதன் சாவு ஒரு கதையாக மாறியது. இதைப் பார்த்தபின் மொத்தமாக 'இத்தனை புள்ளி அடித்தால் செத்துப்போகும்' என்று எழுதிய பூதங்கள் கொஞ்சம் சப்பென்றுதான் தோன்றும்.

ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் பூதங்களின் பெரிய பலவீனம் இன்னொன்று. ரகசியம் ஒருமுறைதான் ரகசியம். விதிப்புத்தகத்தைப் படித்தவருக்கு விடை தெரியும். கப்பல்தான் தெரியாதது போல நடிக்க வேண்டும். இதற்கு அதே 1979-லேயே விடை சொன்னது ஒரு கேலிச்சித்திர விளையாட்டு என்பது வேடிக்கை. டிராகன் பத்திரிகையில் டாம் வாம் வெளியிட்ட 'தி ஆஃபுல் க்ரீன் திங்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'. விண்கப்பலுக்குள் பச்சை நிறப் பிராணிகள் புகுந்து பெருகுகின்றன. கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடிக்க வேண்டியதுதான். எந்த ஆயுதம் என்ன செய்யும் என்பது யாருக்குமே தெரியாது. முதல்முறை பயன்படுத்தும்போது ஒரு சீட்டு எடுக்க வேண்டும். செத்துப்போகலாம், சுருங்கலாம், அல்லது பெரிதாக வளர்ந்து தொலைக்கலாம்! ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டு மாறும். எத்தனை முறை ஆடினாலும் அறியாமை புதிதாகவே இருந்தது. (ஏலியன் படம் வெளிவந்ததும் அதே ஆண்டு. அந்தக் கப்பல்காரர்களிடமும் இப்படி ஒரு சீட்டுக்கட்டு இருந்திருக்கலாம்.)

கோலின் விளையாட்டு வளர்ந்துகொண்டே போனது. 1990-ல் கேப்டன்ஸ் எடிஷன் வந்தபோது விதிகள் சட்டப்புத்தகம் போல எண்ணிட்ட உட்பிரிவுகளோடு குவிந்திருந்தன. ஒரு சுற்று 32 சிறு துடிப்புகளாகப் பிரிந்து நகரும் ஆட்டத்தை ஒரு புதியவர் முழுச் சண்டையில் போய்க் கற்றுக்கொள்வது கொடுமை. அங்கே பூதங்களுக்கு ஒரு புதிய உத்தியோகம் கிடைத்தது. கப்பலை ஓட்டப் பழகுகிறவருக்கு அவை பயிற்சி ஆசான்கள். அவசரப்படுத்தாது, கேலி செய்யாது, விதியைத் தேடிப் புரட்டும்வரை காத்திருக்கும்.

1999-ல் விளையாட்டை அமரில்லோ டிசைன் பியூரோ வெளியிடத் தொடங்கியது. அதே ஆண்டில் இன்டர்ப்ளே நிறுவனம் இதை அடிப்படையாக வைத்து ஸ்டார்ஃப்ளீட் கமாண்ட் என்ற கணினி விளையாட்டைக் கொண்டுவந்தது. அதிலும் பூதங்கள் உண்டு. ஆனால் அட்டவணை இப்போது நிரலுக்குள் மறைந்துவிட்டது. பூதத்துக்காக யாரும் பகடை உருட்ட வேண்டியதில்லை. 2005-ல் அமரில்லோக்காரர்கள் விதிகளை வெகுவாகக் குறைத்து, ஃபெடரேஷன் கமாண்டர் என்ற பெயரில் மறுபடி காகிதத்துக்கே வந்தார்கள். அங்கே சக்தியை ஆட்டத்தின் நடுவிலேயே செலவழித்துக்கொள்ளலாம், தொடக்கத்தில் உட்கார்ந்து பங்கு போட வேண்டியதில்லை.