கொடவாயக் கடலடிக் கப்பல்: சில குறிப்புகள்

பண்டைய இந்து சமுத்திர வர்த்தகம் பற்றி எழுதுவோர் முத்து, மாணிக்கம், யானைத்தந்தம் என்பனவற்றையே பெரிதும் விதந்துரைப்பர். அரண்மனையைச் சென்றடைந்த பொருள்களே இலக்கியத்திலும் இடம்பெற்றமை இதற்கொரு காரணமாகும். அம்பாந்தோட்டை மாவட்டத்தில், வளவை கங்கையின் கழிமுகத்துக்கு அண்மையிலுள்ள கொடவாயவின் கடலடியிற் கிடக்கும் கப்பலோ வேறொரு செய்தியைத் தருகின்றது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனக் கருதப்படும் இது, இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட கப்பற் சிதைவுகளுள் மிகப் பழையது. இரும்பு, கண்ணாடிக் கட்டிகள், அரைகற்கள், மட்கலங்கள் என்பன அதிற் கிடைத்துள்ளன. கண்ணாடி இன்னும் மணியாகவில்லை. இரும்பு இன்னும் கருவியாகவில்லை. எங்கோ உலைக்களத்தில் இருந்த கம்மியரின் உழைப்பை எதிர்நோக்கிச் சென்ற மூலப்பொருள்கள் இவை. ஆடம்பரப் பண்டமாற்று என்ற வரையறைக்குள் இவ்வர்த்தகத்தை அடக்கிவிட முடியாதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2003இல் இதனை முதலிற் கண்டோர் உள்ளூர்ச் சுழியோடிகளே. ஆய்வு நிறுவனங்கள் பின்னரே வந்தன; 2012 முதல் 2014 வரை இலங்கை, அமெரிக்க ஆய்வாளர் கூட்டாக அகழ்ந்தனர். ஏறத்தாழ 33 மீற்றர் ஆழத்தில் உடலைத் தாக்கும் அமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதிலும் நான்கு மடங்குக்கு மேலாகும். குருதியிற் கரைந்த நைதரசன் குமிழியாகி உடலை முடமாக்காதிருக்க, குறுகிய நேரமே கீழே தங்கிப் படிப்படியாக மேலெழுதல் வேண்டும். ஆய்வாளனுக்கு இதற்கென அட்டவணையுண்டு. சிலிண்டர் கட்டிச் சங்கெடுத்துப் பிழைப்பவனுக்குப் பெரும்பாலும் பழக்கமே துணை. ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லை நாம் யாருக்கு உரித்தாக்குகின்றோம்?

அங்கு கிடைத்த கல்லிருக்கை போன்ற அரைகல்லொன்றில் நந்திபாதம், ஸ்ரீவத்சம், மீன் ஆகிய குறிகள் உள. மீனைக் கண்டதும் பாண்டியக் கொடியை நினைவுகூர்வது நம்மவரிடையே எளிதில் நிகழக்கூடியது. ஆனால், மீன்குறி இலங்கையின் ஆதி பிராமிக் கல்வெட்டுகளிலும் காணப்படுவதொன்றே. இன்றைய இன எல்லைகளை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சரக்கின்மீது வரைவதை, அதைச் செய்பவர் எத்தரப்பினராயினும், நாம் ஏற்பதற்கில்லை.

கொடவாயத் துறையின் சுங்க வருவாயை அங்குள்ள விகாரைக்கு வழங்கியமையைக் கஜபாகு மன்னனின் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகின்றது. கப்பல் அதற்கு முற்பட்டது. எனினும், துறைக்கு வந்த பண்டங்களின் உபரி அரசனிடமிருந்து சமய நிறுவனத்துக்குக் கைமாறிய முறையை அக்கல்லிற் காணலாம். அப்பண்டங்கள் யாவையென்பதைக் கடலடியிலிருந்தே அறியவேண்டியுள்ளது.