ஒத்திகையிலும் மேடையிலும் தொற்றுத் தடுப்பு

ஆடல், பாடல், நாடகம், கூத்து ஆகியவற்றைப் பயிலும்போதும் நிகழ்த்தும்போதும் கலைஞர்களுக்குள்ளும் பார்வையாளர்களுக்குள்ளும் நோய் பரவாமல் காக்கும் ஏற்பாடுகள் இத்தலைப்பில் அடங்கும். சளிக்காய்ச்சல், கோவிட்-19, காசநோய் ஆகியவை முக்கியமாகக் காற்றின் வழியே பரவுகின்றன. மெட்ராஸ் ஐ போன்றவை கை, துண்டு, ஒப்பனைத் தூரிகை வழியே பரவுகின்றன. பாதுகாப்பு என்றதும் பலருக்கும் மேடையும் நாற்காலி வரிசையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கலைஞர்கள் மாதக்கணக்கில் ஒன்றாக மூச்சு விடுவது ஒத்திகை அறையில்தான். அங்கே ஜன்னல் திறந்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

இதற்கு உலகம் அறிந்த சான்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஒரு சேர்ந்திசை ஒத்திகை. 2020 மார்ச் 10 அன்று ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவினர் 61 பேர் இரண்டரை மணி நேரம் கூடிப் பாடினார்கள். ஒருவருக்கு மட்டும் சளித் தொல்லை இருந்தது. பின்னர் அவரையும் சேர்த்து 53 பேருக்குக் கோவிட்-19 கண்டது. 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, 20 பேருக்கு அறிகுறிகளைக் கொண்டு கணிக்கப்பட்டது. இருவர் இறந்தனர். பார்வையாளர் எவரும் இல்லாத மாலை அது. நோய் காற்றில் மிதந்து பரவும் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்த நிகழ்வுகளில் இது முதன்மையானது.

பாட்டு ஏன் ஆபத்தாகிறது? அதே ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறுவை அரங்கின் தூய காற்றில் பாடகர்களை நிறுத்தி அளந்து பார்த்தார்கள். ஒரே ஒலி அளவில் பேச்சைவிடப் பாட்டில் வெளிப்படும் நுண்துளிகள் சற்றே அதிகம், அவ்வளவுதான். மெல்லிய குரலிலிருந்து உச்சக் குரலுக்குப் போனால் அவை 20 முதல் 30 மடங்கு வரை கூடின. அப்படியானால் கணக்குக்கு வருவது ராகமோ தாளமோ இல்லை, சத்தம். நம் ஊர் நாட்டிய வகுப்பில் அதிகம் கவனிக்க வேண்டியவர் ஆடும் குழந்தை அல்லர். எதிரே உட்கார்ந்து தட்டுக்கழியோடு உரக்கச் சொற்கட்டுச் சொல்லும் ஆசிரியர். கூத்து வாத்தியாரும் அப்படித்தான். மைக் வருவதற்கு முன்பே உருவான கலை என்பதால் அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தே பழக்கம். ஒத்திகைக்கும் ஒரு சிறு மைக் வைத்துக் குரலைத் தணித்துக்கொள்வது செலவு குறைந்த தடுப்பு. தொண்டையும் தப்பிக்கும்.

சென்னையின் மேற்குப் புறநகரில், ஆவடி – பூந்தமல்லி சாலையில் உள்ள பருத்திப்பட்டு, சத்தத்தைப் போலவே இடத்தின் காற்றோட்டமும் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள ஏற்ற ஊர். 2019 முதல் ஆவடி மாநகராட்சியில் சேர்ந்த பகுதி. இதுபோன்ற புறநகர்ப் பகுதிகளில் நிகழ்த்துகலை இரு வகை இடங்களில் வாழ்கிறது. ஆடித் திருவிழாவின் பந்தல், கூத்துக் களம், தெருமுனை மேடை ஆகியவை திறந்த வெளி. மாடி அறைப் பாட்டு வகுப்பு, ஏ.சி. கல்யாண மண்டபம், பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடக்கும் வகுப்பறை ஆகியவை மூடிய வெளி. தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்து இரவு முழுக்க நடந்தாலும், களத்தின் நாலு பக்கமும் காற்று ஓடுவதால் நுண்துளிகள் சீக்கிரம் கலைந்துவிடும். ஏ.சி. மண்டபத்தில் அப்படி இல்லை. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி அனுப்புகிறது; வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறை குளுகுளுவென்று இருப்பதற்கும் காற்று சுத்தமாக இருப்பதற்கும் தொடர்பே கிடையாது.

ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல். இருபதடிக்குப் பதினைந்தடி, பத்தடி உயரம் உள்ள ஒரு மாடி அறையில் 12 பேர் பயில்வதாகக் கொள்வோம். மணிக்கு ஏறக்குறைய 430 கனமீட்டர் காற்று வர வேண்டும். அதாவது அறையின் மொத்தக் காற்றும் மணிக்கு ஐந்து தடவை மாற வேண்டும். பக்கத்து வீட்டார் சத்தத்துக்குச் சண்டைக்கு வருவார்கள் என்று ஜன்னலைச் சாத்திவிட்டால் இதில் சிறு பங்குகூட வராது. எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள இரண்டு ஜன்னல்களைத் திறப்பதும், ஒன்றில் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துவதும் பெரும்பாலும் போதும். சரிபார்க்கக் கரியமில வாயு மீட்டர் உதவும். வெளிக்காற்றில் அளவு பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 420 பங்கு. அறைக்குள் அது 1,000ஐத் தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று பொருள். அரை மணி நேரம் பயின்றுவிட்டு, எல்லோரும் வெளியேறி அறையை ஆறவிடும் முறையை அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகக் குழுவினர் வாத்திய இசைக்குழுக்களுக்குப் பரிந்துரைத்தனர்.

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தலைக்கணக்காகவே வந்தன. சின்னத்திரைப் படப்பிடிப்புக்கு 60 பேர், 2020 செப்டம்பர் முதல் திரைப்படத்துக்கு 75 பேர் என்று வரம்பு. திரையரங்குகள் அவ்வாண்டு நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளோடு திறந்தன. 2021 ஜனவரி தொடக்கத்தில் முழு இருக்கைக்கும் அனுமதி தந்த அரசு, மத்திய அரசின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. மார்கழி சபாக்கள் வேறு வழியில் போயின. மியூசிக் அகாடமி 2020 டிசம்பர் 24 முதல் 31 வரை கச்சேரிகளை இணையத்தில் வழங்கியது.

பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லியைத் தாண்டினால் வரும் செம்பரம்பாக்கத்தில், 2021 மே மாதம் மலையாள பிக் பாஸ் மூன்றாம் பருவத்தின் அரங்கை வருவாய்த் துறையினர் சீல் வைத்தார்கள். ஊரடங்கு நடைமுறையில் இருந்த நாட்கள் அவை; படப்பிடிப்புக் குழுவில் சிலருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. போட்டியாளர்களோ வெளியுலகத் தொடர்பே இல்லாமல் வீட்டுக்குள் அடைந்திருந்தவர்கள். வெளியே போய் வருபவர்கள் ஒளிப்பதிவு, ஒலி, ஒளி, சமையல் வேலை செய்பவர்கள். எந்த மேடைக்கும் இது பொருந்தும்: கலைஞர்களை மட்டும் பரிசோதித்துவிட்டு மைக் செட்காரரையும் வேன் ஓட்டுநரையும் விட்டுவிட்டால் காவல் பாதியிலேயே நின்றுவிடும்.

காற்று வாத்தியங்களுக்குத் தனிக் கவனம் தேவை. நாகஸ்வரத்தின் சீவாளி நேரே வாய்க்குள் போகும் பொருள். வாசிப்பவர் மாற்றுச் சீவாளிகளைக் கயிற்றில் கட்டி வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார். குருவின் சீவாளியைச் சீடர் வாங்கி ஊதிப் பார்ப்பதை இங்கே அறவே தவிர்க்க வேண்டும். கூத்தின் முகவீணைக்கும் இதே விதி. டிரம்பெட் போன்ற மேல்நாட்டு ஊது கருவிகளின் அகன்ற வாய்க்குத் துணி உறை போடும் முறை பெருந்தொற்றின்போது பரவியது. அதை நாகஸ்வரத்தின் அகன்ற முனையான அணசுக்குப் போட்டால் நாதம் என்னாகும் என்பதை வித்வான்களிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கோயில் வாசலில் வாசிப்பவரிடம் உறை கேட்பது என் பார்வையில் தேவையற்றது. உறை கேட்க வேண்டிய இடம் மண்டபத்தின் உள்ளறை.

அடுத்தது ஒப்பனை. அடினோ வைரஸால் வரும் கண்நோய்க்கு மெட்ராஸ் ஐ என்ற பெயர், 1918இல் மெட்ராஸில் அடையாளம் காணப்பட்டதால் வந்தது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் சுமார் ஒன்றரை லட்சம் பேருக்கு அது வந்ததாக அப்போதைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் தெரிவித்தார். பள்ளி ஆண்டு விழாவில் ஒரே மை டப்பாவும் ஒரே பஞ்சும் முப்பது குழந்தைகளின் கண்ணுக்குப் போவது இன்றும் நடக்கிறது. ஆளுக்கொரு குச்சி, அரிதாரத்தைத் தட்டில் பிரித்து எடுத்துக்கொள்வது, கண் சிவந்த பிள்ளையை அன்று மேடை ஏற்றாதிருப்பது: இவை மூன்றும் பைசா செலவில்லாதவை. கூத்துக்காரர்கள் அவரவர் வேஷத்தை அவரவரே போட்டுக்கொள்வது பழைய வழக்கம். சுகாதாரத்தை நினைத்து வந்த வழக்கம் இல்லை என்றாலும் பயன் ஒன்றுதான்.

எல்லா ஏற்பாடும் கடைசியில் கூலியில் வந்து முட்டுகிறது. ஜமா எனப்படும் கூத்துக் குழுவில் ஆடுபவருக்கு ஆடிய இரவுக்குத்தான் பணம். பங்குனி முதல் ஆடி வரையிலான சில மாதங்களே ஆண்டு வருமானம். காய்ச்சல் என்று சொன்னால் அந்த இரவு போயிற்று. எனவே மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவார். இரண்டு வாரம் இருமினாலும் காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்குப் போகமாட்டார். துரியோதனன் வேஷத்துக்கு இன்னொருவரையும் பழக்கி வைத்து, படுத்த ஆளுக்குப் பாதிச் சம்பளமாவது தரும் ஜமாவில் மட்டுமே காய்ச்சல் உரிய நேரத்தில் வெளியே தெரியும். விழாக் குழுவினர் பேசும் முன்பணத்தில் இதற்கென ஒரு பங்கை ஒதுக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. ஜெனரேட்டருக்கும் சீரியல் செட்டுக்கும் ஒதுக்குகிறார்கள்.