பாய்ம நிலைப்புக் கோட்பாடும் சந்திரசேகரும்

நீர், காற்று, உருகிய உலோகம் போன்ற பாயும் பொருள்களின் அமைதியான ஓட்டமோ ஓய்வுநிலையோ எந்த எல்லைவரை குலையாமல் நிற்கும், எந்த எல்லையைத் தாண்டியதும் மிகச் சிறு அசைவுக்கே இடம்கொடுத்து வேறொரு வடிவத்துக்கு மாறும் என்பதைக் கணித வழியில் ஆராயும் பாய்ம இயக்கவியலின் பிரிவே பாய்ம நிலைப்புக் கோட்பாடு. இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் கொள்ளப்படும் 'ஹைட்ரோடைனமிக் அண்ட் ஹைட்ரோமேக்னடிக் ஸ்டெபிலிட்டி' 1961இல் ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் அச்சகத்தாரால் வெளியிடப்பட்டது. அதை எழுதிய சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995) லாகூரில் பிறந்து, மயிலாப்பூரில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு உச்சவரம்பு உண்டு என்று காட்டியவராகத் தமிழில் பலமுறை எழுதப்பட்ட அவரைப் பற்றிய கட்டுரைகளில், ஏறத்தாழ பத்தாண்டுகள் அவர் முழுமூச்சாக ஈடுபட்டிருந்த பாய்ம ஆய்வு பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

இக்கோட்பாட்டின் நவீன வரலாறு 1900இல் பிரான்சின் ஆன்றி பெனார் செய்த சோதனைகளோடு தொடங்குகிறது. திமிங்கிலத் தலையிலிருந்து எடுக்கப்பட்ட மெழுகை உருக்கி, மெல்லிய படலமாகப் பரப்பி, அடியிலிருந்து சீராகச் சூடேற்றியபோது, அதன் மேற்பரப்பு அறுகோணக் கட்டங்களாகப் பிரிவதை அவர் கண்டார். அடியிலுள்ள பாய்மம் சூடேறி எடை குறைந்து மேலெழுவதும், மேலுள்ளது குளிர்ந்து கீழிறங்குவதும் வெப்பச்சலனம் எனப்படும். இதற்குக் கணித விளக்கம் தந்தவர் ராலே பிரபு. பாய்மத்தை மேலே தள்ளும் மிதப்பு விசை ஒருபுறமும், அதைத் தடுக்கும் பாகுநிலையும் வெப்பத்தைப் பரப்பிச் சமன்செய்யும் வெப்பக் கடத்தலும் மறுபுறமுமாக நின்று போட்டியிடுவதை ஒரே எண்ணில் அளக்க முடியும் என்று 1916இல் அவர் நிறுவினார். பிற்காலத்தில் அது ராலே எண் எனப் பெயர் பெற்றது. பெனார் கண்ட கட்டங்களுக்கு முக்கியக் காரணம் மிதப்பு விசை அல்ல, மேற்பரப்பு இழுவிசையின் வேறுபாடே என்பது 1950களில்தான் தெளிவாயிற்று என்றாலும், தவறான சோதனைக்காகப் பிறந்த சரியான கோட்பாடு என்ற பெருமை ராலேயின் கட்டுரையை விட்டு நீங்கவில்லை.

ராலே எண் ஒரு குறிப்பிட்ட மாறுநிலை மதிப்பை எட்டும்வரை படலம் அசைவதில்லை. எட்டியதும் புரளத் தொடங்குகிறது. மேலும் கீழும் கெட்டியான தட்டுகளால் மூடப்பட்ட படலத்துக்கு அந்த மதிப்பு ஏறத்தாழ 1708. இரு பரப்புகளும் தடையின்றி நழுவக்கூடியவையாகக் கொள்ளப்படும் எளிய கணக்கில் 657.5. இந்த எண்ணில் படலத்தின் ஆழம் மும்மடிப் பெருக்கமாக இடம்பெறுவதால், ஆழத்தை இரட்டித்தால் எண் எட்டு மடங்காகிறது. 1 செ.மீ. ஆழமுள்ள நீர்ப்படலம் சுமார் 20 பாகை செல்சியஸில் இருக்கும்போது, அடிக்கும் மேலுக்கும் இடையே ஏறத்தாழ பத்தில் ஒரு பாகை வேறுபாடு வந்தாலே அது அமைதி இழந்துவிடும். ஆழம் பாதியாகக் குறைந்தால் அதற்கு ஒரு முழுப் பாகை வேறுபாடு தேவைப்படும். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெயில் ஏறியபின் வீசத் தொடங்கும் கடற்காற்றும் வெப்பச்சலனத்தின் ஒரு வகைதான் என்றாலும், அங்கு நிலம் ஒருபக்கமும் கடல் மறுபக்கமுமாக வெப்ப வேறுபாடு பக்கவாட்டில் அமைவதால், கடக்க வேண்டிய எல்லை எதுவும் இல்லாமல் சிறு வேறுபாட்டுக்கே இயக்கம் பிறந்துவிடுகிறது. அடியிலிருந்து சூடேறும் படலம் மட்டுமே எல்லைவரை காத்திருக்கிறது. நிலைப்புக் கோட்பாட்டின் முழு அக்கறையும் அந்தக் காத்திருப்பின் மீதுதான்.

சந்திரசேகரின் குடும்பம் 1918இல் சென்னைக்கு வந்து, பின்னர் மயிலாப்பூரில், இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் 'சந்திர விலாஸ்' என்ற வீட்டில் குடியமர்ந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் அதன்பின் மாநிலக் கல்லூரியிலும் படித்த அவர், பட்டம் பெறுவதற்கு முன்பே ஆய்வுக் கட்டுரைகளை அச்சேற்றத் தொடங்கிவிட்டார். 1928இல் ஒன்று இந்திய இயற்பியல் ஆய்விதழிலும், மறு ஆண்டில் மற்றொன்று கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபௌலர் வழியாக லண்டன் ராயல் சொசைட்டியின் இதழிலும் வெளியாயின. 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்டிடமிருந்து புதிய குவாண்டம் புள்ளியியலைப் பற்றி நேரில் அறிந்துகொண்டது இரண்டாம் கட்டுரைக்கு வித்திட்டது. 1930இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1937 முதல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

பாய்மங்களின் பக்கம் அவரைத் திருப்பியது கொந்தளிப்பு, அதாவது ஒழுங்கான அடுக்குகளாக ஓடாமல் பெரிதும் சிறிதுமான சுழல்களாகச் சிதறிப் பாயும் ஓட்டம். விண்மீன்களின் உட்புறத்திலும் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வாயுவிலும் அது நிறைந்திருப்பதால், ஹைசன்பர்க் முன்வைத்த கொந்தளிப்புக் கொள்கையை விரிவாக்கி 1949இல் அவர் எழுதினார். அந்த முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கொந்தளிப்பு இன்றுவரை யாருக்கும் முழுமையாகப் பிடிகொடுக்காத பொருள். எனவே கொந்தளிப்பு பிறப்பதற்கு முன்பு, அமைதி முதன்முதலில் குலையும் தருணத்தை மட்டும் ஆராயும் நிலைப்புக் கோட்பாட்டை 1952 முதல் அவர் கையிலெடுத்தார். ராலேயின் படலத்தைச் சுழலவிட்டால் என்ன ஆகும், மின்சாரத்தைக் கடத்தும் பாய்மமாயின் காந்தப்புலத்தில் வைத்தால் என்ன ஆகும், இரண்டையும் ஒருசேரச் செய்தால் என்ன ஆகும் என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். சுழற்சியும் காந்தப்புலமும் தனித்தனியே வெப்பச்சலனத்தை அடக்கக்கூடியவை. இரண்டும் சேரும்போது ஒன்றின் தடையை மற்றொன்று தளர்த்திவிடும் நிலைமைகளும் உண்டு என்பது 1954இல் அவர் கண்ட எதிர்பாராத முடிவு. காந்தத் தடையின் அளவைக் குறிக்கும் எண்ணுக்கு இன்று சந்திரசேகர் எண் என்று பெயர்.

கோட்பாட்டோடு நின்றுவிடாமல், சிகாகோவிலேயே டேவ் ஃபுல்ட்ஸும் யோஷினாரி நாகாகவாவும் பாதரசப் படலங்களைச் சுழற்றியும் காந்தத்துக்கு நடுவே வைத்தும் செய்த சோதனைகள் இக்கணக்குகளை உறுதிசெய்தன. கணினிகள் பரவாத அக்காலத்தில் அட்டவணை அட்டவணையாக எண்களைக் கணித்துத் தந்தவர் டோனா எல்பர்ட். 1948 முதல் முப்பதாண்டுகள் சந்திரசேகரின் உதவியாளராக இருந்து, பல கட்டுரைகளில் இணை ஆசிரியராகவும் இடம்பெற்ற அவருடைய பெயர், சுழலும் காந்தப் பாய்மங்களில் காணப்படும் ஒரு நடத்தை வரம்புக்கு 2022இல்தான் சூட்டப்பட்டது. இது மிகத் தாமதமான அங்கீகாரம்.

இதே ஆண்டுகளில் பாய்ம இயக்கவியல் தனக்கென ஆய்விதழ்களை அமைத்துக்கொண்டது. அதுவரை இத்துறைக் கட்டுரைகள் ராயல் சொசைட்டியின் வெளியீடுகள், 'ஃபிலசாஃபிக்கல் மேகசின்' போன்ற பொது அறிவியல் இதழ்களில் சிதறிக் கிடந்தன. 1956இல் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் பாட்செலர் 'ஜர்னல் ஆஃப் ஃபுளூயிட் மெக்கானிக்ஸ்' இதழைத் தொடங்கி நாற்பதாண்டுகள் நடத்தினார். 1958இல் அமெரிக்காவில் 'ஃபிசிக்ஸ் ஆஃப் ஃபுளூயிட்ஸ்' வந்தது. கணிதவியலாளர், பொறியாளர், வானிலையாளர் ஆகிய மூவரையும் ஒரே இதழைப் படிக்கவைத்தது பாட்செலரின் சாதனை எனலாம். சந்திரசேகரோ 1952 முதல் 1971 வரை 'அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' என்ற வானியற்பியல் இதழின் பதிப்பாசிரியராக இருந்தார். ஆண்டுக்கு ஆறு இதழ்களாகச் சிறிய அளவில் வந்துகொண்டிருந்த அதை, ஆண்டுக்கு இருபத்து நான்கு இதழ்களும் பல்லாயிரம் பக்கங்களும் கொண்ட உலகின் முதன்மை வானியற்பியல் இதழாக அவர் வளர்த்தெடுத்தார். 1961 நூலின் பெரும்பகுதி உருவானது இந்தப் பதிப்பாசிரியப் பணிக்கு இடையில்தான்.

ஒரு முடிவு எங்கே அச்சாகிறது என்பது யார் அதைப் படிப்பார்கள் என்பதை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு இந்நூலே சான்று. ஒன்றினுள் ஒன்றாக அமைந்து சுழலும் இரு உருளைகளுக்கு இடைப்பட்ட பாய்மம், வலுவற்ற காந்தப்புலம் ஒன்று இருந்தாலே நிலைகுலையக்கூடும் என்று 1959இல் சோவியத் அறிஞர் எவ்கெனி வெலிகோவும், மறு ஆண்டில் சந்திரசேகரும் காட்டினர். நூலில் இடம்பெற்ற இம்முடிவை வானியலாளர்கள் முப்பதாண்டுகள் கவனிக்கவில்லை. கருந்துளைகளையும் இளம் விண்மீன்களையும் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டுகளிலிருந்து பொருள் உள்நோக்கி விழுவதற்கான காரணம் இதுவாகவே இருக்க வேண்டும் என்று ஸ்டீவன் பால்பஸும் ஜான் ஹாலியும் 1991இல் எழுதியபோதுதான் அதன் பயன் புலப்பட்டது. அக்கட்டுரை வெளியானதும் 'அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' இதழில்தான்.

சென்னையோடு சந்திரசேகரின் தொடர்பு அறுந்துவிடவில்லை. அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் இல்லத்தில் நடத்திவந்த கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கிலிருந்து வளர்ந்த கணித அறிவியல் நிறுவனம், 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் அவர் முன்னிலையில் தொடங்கப்பட்டு, பின்னர் தரமணிக்கு இடம்பெயர்ந்தது. 1959இல் ஜெர்மன் உதவியுடன் கிண்டிக் காட்டையொட்டி எழுந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தையும் சேர்த்துப் பார்த்தால், பெசன்ட் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே அறிவியல் ஆய்வுக்கான இரு பெரும் களங்கள் அமைந்துவிட்டன. தொழில்நுட்பக் கழகத்தின் விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் ஆர். ஐ. சுஜித்தின் குழு, எரியறைகளில் சுடரும் ஒலியும் ஒன்றையொன்று தூண்டி இயந்திரத்தையே சேதப்படுத்தும் அதிர்வாக முற்றுவதற்கு முன்பு, இடையிடையே தோன்றி மறையும் அதிர்வெடிப்புகள் வாயிலாக அதன் முன்னறிகுறி தெரிந்துவிடுகிறது என்று 2014இல் பாட்செலரின் இதழில் எழுதியது. அமைதி எப்போது குலையும் என்ற அதே பழைய கேள்விக்கு, இம்முறை விடை சென்னையிலிருந்தே சென்றது.

1961 நூல் 1981இல் டோவர் நிறுவனத்தின் மலிவுப் பதிப்பாக மறு அச்சானது. நூலின் சில பகுதிகளைப் பிற்கால ஆய்வுகள் பின்தள்ளிவிட்டன. வெப்பச்சலனம், சுழலும் பாய்மம், காந்தப்புலம் ஆகியவற்றைப் பற்றிய இயல்களைப் பின்தள்ளும் நூல் இன்னும் வரவில்லை.