காரி நாயனாரும் நான் சொல்லாத பதிலும்



கல்மண்டபத்தில் எட்டாம் வகுப்புக்கு வட்டத்தின் பரப்பு நடத்திக்கொண்டிருந்தேன். மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "அது ஏன் சார் பை ஆர் ஸ்கொயர்?" என்று கேட்டான். "மனப்பாடம் பண்ணு, பரீட்சைக்கு வரும்" என்று உட்கார வைத்துவிட்டேன்.

பதில் நம் தமிழிலேயே இருந்தது. கொறுக்கையூர் காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்', நிலம், நெல், பொன் அளக்கும் கணக்கைப் பாட்டாகவே சொன்ன நூல். 1/320-க்கு முந்திரி, 1/80-க்குக் காணி என்று பின்னத்துக்கெல்லாம் பெயர் இருந்த காலம். வட்டத்துக்கு அதில் உள்ள விதி: பாதி விட்டத்தைப் பாதிச் சுற்றளவால் பெருக்கு.

சீனாவின் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழங்கணித நூலிலும் இதே விதிதான். அந்நூலுக்கு 1261-இல் யாங் ஹுய் விளக்கம் எழுதினார்.

ஏன் என்கிறீர்களா? ஒரு தோசையை நடுவிலிருந்து மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். கூர்முனை ஒன்று மேலே, ஒன்று கீழே என மாற்றி மாற்றி அடுக்குங்கள். துண்டு மெலிய மெலிய அது செவ்வகமாகிவிடும். நீளம் பாதிச் சுற்றளவு, அகலம் பாதி விட்டம். விட்டம் 14 என்றால், சுற்றளவு ஏறக்குறைய 44. 22 × 7 = 154. பாதிச் சுற்றளவு என்பது பை ஆர், பாதி விட்டம் என்பது ஆர். பெருக்கினால் பை ஆர் ஸ்கொயர். அவ்வளவுதான்!

பெயர் போட மாட்டேன். இதைப் படித்தால் உனக்கே தெரியும். தம்பி, நீ கேட்டது நல்ல கேள்வி. அன்று எனக்கே பதில் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள வெட்கம். மன்னித்துவிடு. உன் பிள்ளைக்காவது தோசை சுடும்போது சொல்லிக்கொடு.